மென்பொருளை நாமே அமைப்பதா, செய்நிரலாளரை அமர்த்துவதா?

ஓர் அலுவலகத்தின் நினைவாற்றல் அதன் பதிவேடுகளில் தங்கியுள்ளது. பாடசாலையின் வரவு இடாப்பு, கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் பேரேடு, கோயில் அறங்காவலர் சபையின் வரவு செலவுப் புத்தகம், மருந்தகத்தின் இருப்புக் கணக்கு என்பன யாவும் நெடுங்காலமாகத் தாளிலும் மையிலும் வாழ்ந்தவை. இப்பொழுது அவை ஒவ்வொன்றாகக் கணினிக்குக் குடிபெயர்ந்து வருகின்றன. இந்நிலையிற் சிறு நிறுவனங்களை நடத்துவோர் பலரும் ஒரு வினாவை எதிர்நோக்குகின்றனர். தமக்கு வேண்டிய மென்பொருளை ஆயத்தமாகக் கிடைக்கும் கருவிகளைக் கொண்டு தாமே அமைத்துக்கொள்வதா, அன்றிச் செய்நிரல் எழுத வல்லாரைப் பணங் கொடுத்து அமர்த்திச் செய்விப்பதா என்பதே அவ்வினா.

இரு பக்கத்திலும் விற்பனையாளரின் குரல் ஓங்கி ஒலிக்கின்றது. இனிச் செய்நிரலாளர் எவரும் வேண்டியதில்லை, ஒரு பிற்பகலில் யாவற்றையும் நீரே செய்துவிடலாம் என்பார் ஒரு சாரார். அவையெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு, உருப்படியான வேலைக்கு எம்மிடமே வரவேண்டும் என்பார் மற்றொரு சாரார். இவ்விரண்டுக்கும் இடையே உண்மை எங்குள்ளது என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

முதலிற் சொற்களை வரையறுத்துக்கொள்ளுதல் நன்று. கணினி தானாக எதனையும் அறியாது. அது செய்யவேண்டிய செயல்களை ஒன்றன்பின் ஒன்றாக, ஐயத்துக்கு இடமின்றி, அதற்கென அமைந்த மொழியில் எழுதிக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு எழுதப்பட்ட கட்டளைத் தொடர் செய்நிரல் எனப்படும். அதனை எழுதுவோர் செய்நிரலாளர். ஒரு வேலைக்கெனத் திரட்டப்பட்ட செய்நிரல்களின் தொகுதியையே மென்பொருள் என வழங்குகின்றோம்.

செய்நிரல் எழுதாக் கருவிகள் என்பன வேறு வகையின. இவற்றிலே, திரையில் ஆயத்தமாக உள்ள பெட்டிகளை எடுத்து வைத்து, இதிற் பெயர் வரும், இதில் திகதி வரும், இதில் எண் மாத்திரமே வரலாம் என்று குறித்துவிட்டாற் போதும். குறித்த திகதி பதினான்கு நாள் கடந்தால் எனக்கு அறிவித்தல் அனுப்புக என்பது போன்ற விதிகளையும் ஒரு பட்டியலிலிருந்து தெரிந்து சேர்க்கலாம். கூகுள் நிறுவனத்தின் போர்ம்ஸ், அப்ஷீட் என்பனவும், மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பவர் அப்ஸ் என்பதும், எயார்டேபிள் என்பதும் இவ்வகையைச் சார்ந்தவை. இவற்றினுள்ளும் செய்நிரல் உண்டு. வேறொருவர் அதனை முன்னரே எழுதி வைத்துவிட்டமையால் அது நம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பாடசாலையிற் பழகிய பொருளைக் கொண்டு இதனை விளக்கலாம். வெறுங் கொப்பியில் நாமே கோடு கீறி ஒரு பதிவேட்டை ஆக்கிக்கொள்வதுண்டு. அச்சகத்தாரிடம் கொடுத்து, நம் தேவைக்கேற்ப நிரல்கள் வகுத்து, கனத்த தாளில் அச்சிட்டுக் கட்டுவிப்பதும் உண்டு. முன்னையது இன்றே ஆகும், செலவும் இல்லை. பின்னையதற்கு நாளும் பணமும் வேண்டும், ஆயினும் பல்லாண்டு நிலைக்கும். எந்த நிரல் தேவை, எது தேவையில்லை என்பதை மட்டும் இரு வழியிலும் நாமே சிந்தித்தாக வேண்டும்.

செய்நிரலாளரின் உதவியின்றிக் கணினியை ஆளவேண்டும் என்னும் ஆசை புதியதன்று. 1959 ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கோபோல் என்னும் கணினி மொழியை வகுக்கத் தொடங்கியபோது, வணிக நிருவாகிகளும் வாசித்து விளங்கத்தக்கதாக அது சாதாரண ஆங்கில வாக்கியத்தைப் போல இருத்தல் வேண்டும் என்று கருதினர். கிரேஸ் ஹொப்பர் அம்மையார் அதற்கு முன்னரே ஆக்கியிருந்த புளோமற்றிக் என்னும் மொழி அம்முயற்சிக்கு வழிகாட்டியாயிற்று. விளைவு யாது? நிருவாகிகள் செய்நிரல் எழுதவில்லை. கோபோல் எழுதும் செய்நிரலாளரின் தொகையே உலகெங்கும் பெருகியது.

இருபது ஆண்டுகள் கழிந்து, 1979 ஆம் ஆண்டில், அவ்வாசை ஒரு பகுதி நிறைவேறியது. ஹாவார்ட் வணிகக் கல்லூரியில் மாணவராக இருந்த டான் பிரிக்ளின் என்பார், தாளில் வகுத்த கணக்கில் ஓர் எண்ணை மாற்றினால் அதனைச் சார்ந்த எண்கள் யாவற்றையும் அழித்து எழுதவேண்டியிருத்தலைக் கண்டு, அவ்வேலையைக் கணினியே செய்தால் என்ன என்று எண்ணினார். அவரும் பொப் பிராங்ஸ்ரன் என்பாரும் சேர்ந்து ஆக்கிய விசிகல்க் என்னும் விரிதாள், அப்பிள் 2 கணினிக்கென வெளிவந்தது. கணக்கறிந்த எவரும் செய்நிரல் அறியாமலே தம் கணக்கைத் தாமே அமைத்துக்கொள்ள அது வழி செய்தது. இன்று பாடசாலைகளிற் புள்ளிப் பட்டியல் ஆக்கப் பயன்படும் எக்செல் அம்மரபில் வந்ததே. செய்நிரல் எழுதாக் கருவிகள் யாவற்றுள்ளும் உலகில் மிகப் பரவியது விரிதாள் எனின் அது மிகையாகாது.

இக்கருவிகளின் முதன்மையான நன்மை செலவுச் சுருக்கம் என்றே பலர் கூறுவர். அதனினும் பெரியது வேறொன்று உண்டு. வேலையை நன்கு அறிந்தவரே கருவியை அமைக்கின்றார். நூலகப் பொறுப்பாசிரியருக்கு எந்த மாணவர் நூலைத் தாமதித்துத் தருவர், எந்த நூலுக்குக் கேள்வி அதிகம் என்பன தெரியும். அவற்றை வெளியார் ஒருவருக்கு விளக்கி, அவர் பிழைபட விளங்கி, மீண்டும் விளக்கும் தொல்லை இங்கு இல்லை. காலையில் ஒரு குறையைக் கண்டால் மாலையில் அதனைத் திருத்திவிடலாம்.

ஆனால், எளிது என்று தோன்றும் அவ்வேலையுள்ளும் ஒரு நுணுக்கம் மறைந்திருக்கின்றது. நூல் இரவற் பதிவையே உதாரணமாகக் கொள்வோம். ஆசிரியர் ஒருவர் விரிதாளில் மாணவர் பெயர், தரம், நூலின் பெயர், கொடுத்த திகதி, திரும்பிய திகதி என ஐந்து நிரல்களை அமைக்கின்றார். சில வாரங்கள் யாவும் செம்மையாக நடக்கும். பின்னர் ஒருவர் இராசேந்திரம் என்றும், மற்றொருவர் ராஜேந்திரம் என்றும், வேறொருவர் முதலெழுத்தைச் சேர்த்தும் எழுதுவர். நமக்கு ஒருவராகத் தெரியும் மாணவர் கணினிக்கு மூவராகிவிடுவார். ஒரே நூலின் இரண்டு பிரதிகளுள் எது வெளியே உள்ளது என்பது தெரியாமற் போகும். புதிய ஆண்டில் மாணவர் யாவரும் அடுத்த தரத்துக்குச் செல்ல, பழைய வரிகள் பழைய தரத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.

இதற்குப் பரிகாரம் பட்டியலை மூன்றாகப் பிரித்தலாகும். மாணவர் பட்டியலில் ஒவ்வொருவரும் ஒரு முறை மாத்திரம், தம் சேர்விலக்கத்துடன் இடம்பெறுவர். நூற்பட்டியலில் ஒவ்வொரு பிரதியும் தனக்குரிய இலக்கத்துடன் ஒரு முறை இடம்பெறும். மூன்றாவதாகிய இரவற் பட்டியலில் இன்ன சேர்விலக்கத்தார் இன்ன பிரதியை இன்ன நாளிற் பெற்றார் என்பது மட்டும் வரும். பெயரிற் பிழை இருப்பின் ஓரிடத்திலே திருத்தினாற் போதும், எங்கும் திருந்திவிடும். தரவுத்தளம் எனப்படுவதன் அடிப்படை இதுவே. இம்மூன்று பட்டியல்களையும் கருவிகள் எளிதில் ஏற்கும். ஆனால் மூன்றாகப் பிரித்தல் வேண்டும் என்ற எண்ணம் அமைப்பவரிடம் பிறத்தல் வேண்டும். கருவி எழுதும் உழைப்பைக் குறைக்கின்றது; எண்ணும் உழைப்பு முன்போலவே நம்மிடம் நிற்கின்றது.

இனி, கருவியை அளவு கடந்து நம்புவதால் வரும் தீங்கினைப் பார்ப்போம். 2020 ஆம் ஆண்டு கொவிட் தொற்றுப் பரவிய காலத்தில், இங்கிலாந்தின் பொதுச் சுகாதார நிறுவனம் ஆய்வுகூடங்களிலிருந்து வந்த முடிவுகளைப் பழைய வகை எக்செல் கோப்புகளிற் சேர்த்து வந்தது. அவ்வகைக் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லை. இடம் நிரம்பியபின் வந்த வரிகள் ஓசையின்றி விடுபட்டன. செப்டெம்பர் 25 முதல் ஒக்டோபர் 2 வரையிலான நாட்களில் 15,841 நோயாளர் நாளாந்த அறிக்கைகளில் இடம்பெறவில்லை. அந்நோயாளருக்குத் தம் பரிசோதனை முடிவு அறிவிக்கப்பட்டது உண்மை. ஆனால் அவர்களுடன் நெருங்கிப் பழகியோரைத் தேடி எச்சரிக்கும் வேலை பல நாள் பிந்தியது. விரிதாள் தன்னளவிற் பிழை செய்யவில்லை. ஒரு நாட்டின் நோய்த் தடுப்புப் பணியை அதன் தலையில் ஏற்றியதே பிழை.

மற்றொரு தீங்கு, பிழை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருத்தல். கார்மன் றைன்ஹார்ட், கென்னத் றொகொவ் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை பல நாட்டு அரசியலாரால் எடுத்துக்காட்டப்பட்டது. 2013 ஆம் ஆண்டில் மசாசூசெற்ஸ் பல்கலைக்கழக மாணவரான தோமஸ் ஹேர்ண்டன் அவர்களின் விரிதாளைப் பெற்று ஆராய்ந்தபோது, சராசரி காணும் சூத்திரம் ஐந்து நாடுகளின் வரிகளை உள்ளடக்காமல் விட்டிருந்தமை வெளிப்பட்டது. கட்டுரையில் வேறு குறைகளும் காட்டப்பட்டன. பேரறிஞர் கைக்கும் இது நேருமாயின், வேலைப்பளுவின் நடுவே தவணைப் புள்ளிகளைக் கூட்டும் நம் கைக்கு நேராது என்று எவர் சொல்லவல்லார்?

மூன்றாவது, இக்கருவிகளை நம்பி வாழ்வது வாடகை வீட்டில் வாழ்வதைப் போன்றது. கூகுள் நிறுவனத்தின் அப் மேக்கர் என்னும் கருவி 2021 ஆம் ஆண்டு சனவரியில் நிறுத்தப்பட்டது. அமேசன் நிறுவனத்தின் ஹனிகோட் 2020 இல் தோன்றி 2024 பெப்ரவரியுடன் மறைந்தது. அவற்றில் தம் அலுவல்களை அமைத்தோர் வேறிடம் தேடவேண்டியதாயிற்று. பயன்படுத்துவோரின் தொகைக்கேற்ப மாதாமாதம் கட்டணம் அறவிடும் கருவிகளும் உண்டு. ஐவருக்கு மலிவாக இருந்தது ஐம்பதின்மருக்குப் பெருஞ் செலவாகலாம்.

அவ்வாறாயின் செய்நிரலாளரை அமர்த்துவதே பாதுகாப்பானதா? நம் வேலைக்கெனவே எழுதப்பட்ட மென்பொருள் நம் வேலைக்குப் பொருந்தும். பலர் ஒரே வேளையில் எழுதினாலும் குழப்பமின்றி ஏற்கும். எவர் எதனை எப்போது மாற்றினார் என்ற குறிப்பை வைத்திருக்கும். வெளியிடுமுன் முறையாகப் பரிசோதிக்கவும் படும். இவையெல்லாம் வேலை செவ்வனே நடந்தாற் கிடைக்கும் பயன்கள். நடக்காவிடின் வரும் கேடும் அதற்கேற்பப் பெரிது.

பிரித்தானியத் தபாற் சேவை 1999 ஆம் ஆண்டு முதல் ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருளைத் தன் கிளைகளில் நிறுவியது. அதனை வழங்கியது புஜிட்சு என்னும் பெரு நிறுவனத்தைச் சார்ந்த ஒரு கணினி நிறுவனம். மென்பொருளின் பிழையாற் கணக்கிற் பணம் குறைந்ததாகக் காட்டப்பட்டபோது, கிளைகளை நடத்திய உப தபாலதிபர்கள் களவாடினர் என்று குற்றஞ் சாட்டப்பட்டனர். 900 பேருக்கு மேல் தண்டனைத் தீர்ப்புப் பெற்றனர். சிலர் சிறை சென்றனர். அம்மென்பொருளிற் பிழைகள் இருந்தமையை உயர் நீதிமன்றம் 2019 ஆம் ஆண்டில் ஏற்றது. அத்தீர்ப்புகளை ஒருங்கே நீக்குதற்கு 2024 ஆம் ஆண்டிற் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. கணினி சொன்னதை நம்பி மனிதர் சொன்னதை நம்பாமை இதிற் பெருங் குற்றம். பணம் கொடுத்துச் செய்வித்தது ஆதலாற் பிழையிராது என்று எவரும் எண்ணுதல் கூடாது என்பதற்கு இது சான்று.

நம் நாட்டு அனுபவத்தில் இவ்விரு வழிகளுக்கும் ஒவ்வொரு நல்ல உதாரணம் உண்டு. 2004 ஆம் ஆண்டு திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் 30,000 பேருக்கு மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. காணாமற் போனோர் யாவர், முகாம்களில் உள்ளோர் யாவர், எந்த உதவி நிறுவனம் எங்கே எதனைச் செய்கின்றது என்பவற்றை ஒருங்கே அறிய ஏற்ற மென்பொருள் அன்று கைக்கெட்டவில்லை. இந்நாட்டுச் செய்நிரலாளர்கள் தொண்டர்களாகக் கூடி, அதனை அடியிலிருந்து எழுதினர். சிங்கள மொழியில் நிவாரணம் எனப் பொருள்படும் சஹானா என்பது அதன் பெயர். எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் அது திறந்து விடப்பட்டது. மறு ஆண்டு பாகிஸ்தானில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது அங்கும் பயன்பட்டது. ஆயத்தக் கருவி இல்லாதவிடத்துச் செய்நிரலாளரே துணை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

2020 ஆம் ஆண்டு சனவரியில், கொவிட் தொற்று இந்நாட்டினுள் நுழையும் நிலையில், வெளிநாட்டிலிருந்து வரும் பயணிகளைப் பதிந்து கண்காணிக்க வேண்டிய தேவை எழுந்தது. இம்முறை வெறும் நிலத்திலிருந்து கட்டத் தொடங்கவில்லை. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்த டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் திறந்த சுகாதாரத் தகவல் மென்பொருளை நம் சுகாதார அமைச்சு ஏற்கெனவே சில பணிகளுக்குப் பயன்படுத்தி வந்தது. அதிற் படிவங்களையும் விதிகளையும் செய்நிரல் எழுதாமலே அமைக்கலாம். ஆதலாற் சில நாட்களுள் பயணிகள் பதிவு ஆயத்தமாயிற்று. நோயாளரோடு தொடர்புற்றோரின் சங்கிலியை வரைந்து காட்டுதல் போன்ற, ஆயத்தமாகக் கிடையாத பகுதிகளை மாத்திரம் உள்நாட்டுச் செய்நிரலாளர்கள் எழுதிச் சேர்த்தனர். இலங்கையில் உருவான அவ்வமைப்பு வேறு பல நாடுகளுக்கும் முன்மாதிரியாயிற்று.

இவ்வளவு விரைவில் அது கைகூடியமைக்குக் கருவி மாத்திரம் காரணமன்று. மருத்துவமும் தகவலியலும் ஒருங்கே பயின்ற மருத்துவர்கள் இந்நாட்டில் இருந்தனர். எதனைக் கேட்பது, எதனை விடுவது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கருவியால் முடிந்ததைக் கருவியாற் செய்து, முடியாததற்கு மாத்திரம் செய்நிரலாளரை நாடினர். இரு வழியையும் பகையாகக் கொள்ளாது முறைப்படுத்திக்கொள்வதே நாம் இதிற் கற்கவேண்டிய பாடம்.

ஆகவே ஒரு சிறு நிறுவனம் இவ்விடயத்தில் முடிவு செய்யுமுன் தன்னைத் தானே நான்கு வினாக்கள் கேட்டுக்கொள்ளுதல் நலம்.

முதலாவது, இப்பதிவிற் பிழை நேர்ந்தால் எவருக்கு என்ன தீங்கு? விளையாட்டுப் போட்டிக்கு வருவோரின் பெயர்ப் பட்டியலிற் பிழை வந்தால் அன்றே திருத்தலாம். புலமைப்பரிசிற் கொடுப்பனவுப் பட்டியலிற் பிழை வந்தால் ஒரு பிள்ளையின் சாப்பாட்டில் அது கை வைக்கும்.

இரண்டாவது, எத்தனை பேர், எத்தனை ஆண்டுக்கு இதனைப் பயன்படுத்துவர்? ஒருவர் ஒரு தவணைக்குப் பயன்படுத்துவதற்குச் செய்நிரலாளரை அமர்த்துதல் வீண் செலவு. நாற்பது பேர் பத்து ஆண்டு பயன்படுத்துவதற்கு விரிதாளை நம்புதல் வீண் துணிவு.

மூன்றாவது, வேண்டியபோது நம் தரவு முழுவதையும் வெளியே எடுத்து வேறிடம் கொண்டுசெல்ல முடியுமா? இதற்கு விடை தெளிவாக இல்லாத கருவியில் ஒரு பெயரையேனும் பதிதல் ஆகாது. பிள்ளைகளின் பிறந்த திகதி, பெற்றோரின் தொழில், நோய் விவரம் முதலியவற்றைத் திரட்டும்போது அவை எங்கே தங்குகின்றன, எவர் பார்க்கலாம் என்பதையும் அறிதல் வேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம் பாராளுமன்றம் நிறைவேற்றியிருத்தலையும் நினைவிற் கொள்ளுக.

நான்காவது, இதனை அமைத்தவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் எவர் நடத்துவர்? அரசாங்க சேவையில் இருப்போர்க்கு இவ்வினாவின் கனம் சொல்லாமலே விளங்கும். கணினி அறிந்த இளம் ஆசிரியர் ஒருவர் அழகிய அமைப்பொன்றை ஆக்கிவிட்டு வேறு பாடசாலைக்குச் செல்ல, கடவுச்சொல்லும் தெரியாது, அமைப்பின் போக்கும் புரியாது ஏனையோர் திகைத்து நிற்றல் எங்கும் நிகழக்கூடியது. ஆதலின் எவ்வழியைத் தெரிந்தாலும் குறைந்தது இருவர் அதனை அறிந்திருத்தலும், அதன் அமைப்பைச் சாதாரண மொழியில் எழுதி வைத்திருத்தலும் இன்றியமையாதன.

செலவு குறைந்த நடைமுறை ஒன்றும் உண்டு. முதலிற் கருவியைக் கொண்டு சிறிதாக அமைத்து ஓராண்டு நடத்திப் பார்த்தல் வேண்டும். எந்த நிரல் பயன்பட்டது, எது வெறுமையாகவே கிடந்தது, எங்கே பிழை மலிந்தது என்பன அப்போது தெரியவரும். பின்னர் செய்நிரலாளரை அமர்த்த வேண்டியிருப்பின், வெறும் ஆசைகளைச் சொல்லாது நடந்து பார்த்த அமைப்பையே அவர் முன் வைக்கலாம். அவருடன் எழுத்தில் உடன்படிக்கை செய்தல் வேண்டும். மூலச் செய்நிரல் எவருக்கு உரியது, பிழை திருத்தும் பொறுப்பு எத்தனை காலம், அதற்குக் கட்டணம் யாது என்பன அதில் இடம்பெறுதல் அவசியம். மென்பொருட் செலவு அதனைப் பெற்ற நாளோடு முடிவதில்லை. சட்டமும் படிவமும் மாறுந்தோறும் அதுவும் மாறவேண்டும். புதியது வந்த பின்னரும் பழைய இடாப்பை ஒரு தவணைக்கு அருகே வைத்து எழுதி, இரண்டும் ஒத்து வருகின்றனவா என்று பார்த்துக்கொள்வது நற்பழக்கம்.

அண்மைக் காலத்திற் செயற்கை நுண்ணறிவு என்னும் துறை வளர்ந்து, நாம் சாதாரண வாக்கியத்தில் எழுதிக் கேட்பதைக் கொண்டே செய்நிரலை ஆக்கித்தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. கோபோல் வகுத்தோர் விரும்பியது ஏறக்குறைய நிறைவேறிவிட்டது எனலாம். எனினும் கேட்பவர் தமக்கு வேண்டியதைத் தெளிவாகக் கேட்டாலன்றித் தெளிவான பயன் வாராது. வந்ததைச் சரிபார்க்க அறிந்தவர் ஒருவரும் வேண்டும்.

நேயர்களே, பதிவேட்டின் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் ஒரு மனிதர் இருக்கின்றார். வரி விடுபட்டால் அவரும் விடுபடுகின்றார். பழைய இடாப்பை எழுதிய ஆசிரியர் வகுப்பை நிமிர்ந்து பார்த்து, எழுதியது சரியோ என்று தலைகளை எண்ணிக்கொள்வார். கருவியை நாமே அமைத்தாலும், செய்நிரலாளரைக் கொண்டு செய்வித்தாலும், எண்ணிப் பார்க்கும் அக்கடமை நம்மிடமே இருக்கின்றது. அதனைச் செய்ய ஆயத்தமாக உள்ள நிறுவனத்துக்கு இவ்விரு வழிகளும் பயன்படும்.